பெட்டியைத் திறக்காமல் எழுதிய தீர்ப்பு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து வீடுகளில் இருக்கிற பழைய கம்ப்யூட்டர்களையெல்லாம் தூக்கிப் போடச் சொல்லி, சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். மூன்று பக்கக் கட்டுரை. மூன்று பக்கத்திலும் ஓர் இடத்தில்கூட அவர் எந்தக் கம்ப்யூட்டரின் மூடியையும் திறக்கவில்லை. ஹார்ட் டிஸ்க் என்ற சொல்லே கட்டுரையில் இல்லை. மெதுவாகிப்போன கம்ப்யூட்டரைப் பற்றி ஹார்ட் டிஸ்க்கைக் குறிப்பிடாமல் மூன்று பக்கம் எழுத முடியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

அவருடைய வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கம்ப்யூட்டருக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள், அதற்குமேல் ஓடுவது மின்சாரத்துக்குத் தண்டம், பாதுகாப்பும் போய்விட்டது, அதற்குச் செலவு செய்வது செத்த மாட்டுக்குப் புல் போடுவது, ஆகவே காயலாங்கடையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கு. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

ஐந்து வருஷக் கணக்கு அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கட்டுரையில் இல்லை. வாங்கிய அன்று ஒரு நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ, அதே எண்ணிக்கையில்தான் ப்ராசஸர் இன்றும் போடுகிறது. சிலிக்கானுக்கு மூட்டுவலி வராது. மாறியிருப்பது அதன் தலையில் ஏற்றிய சுமை. 1995இல் வந்த விண்டோஸ் 95 குறைந்தபட்சமாகக் கேட்ட ராம் 4 எம்பி. 2001இல் எக்ஸ்பி 64 எம்பி கேட்டது. 2009இல் விண்டோஸ் 7 கேட்டது 1 ஜிபி. 2021இல் விண்டோஸ் 11 கேட்டது 4 ஜிபி. இருபத்தாறு வருஷத்தில் ஆயிரம் மடங்கு. அன்றும் நாம் ஈபி ஆபீஸுக்கு மனு டைப் அடித்தோம், இன்றும் அதையேதான் அடிக்கிறோம். மனு ஆயிரம் மடங்கு நீளமாகிவிடவில்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995 பிப்ரவரியிலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கருவி வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் பருத்து மந்தமாகிறது என்பது அதன் சாரம். இன்றைக்கும் அதை விர்த் விதி என்றுதான் துறையில் சொல்கிறார்கள். முப்பது வருஷமாகக் குற்றவாளி யார் என்று தெரிந்திருந்தும், நம் கட்டுரையாளர் பாரம் சுமப்பவனையே தூக்கில் போடுகிறார்.

இனி அவர் எழுத மறந்த ஹார்ட் டிஸ்க்குக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ‘சிஸ்டம் ஹேங் ஆகுது’ என்று மக்கள் சொல்வதில் பாதிக்குமேல் இங்கேதான் இருக்கிறது.

சுமார் 2018 வரை வாங்கிய வீட்டு லேப்டாப்புகளில் பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். அதன் தட்டு நிமிஷத்துக்கு 5,400 முறை சுற்றும். அதாவது நொடிக்கு 90 சுற்று. வேண்டிய தகவல் தட்டில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அது ஊசிமுனைக்கு நேராக வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும். அது மட்டும் ஐந்தரை மில்லிநொடி. ஊசி சரியான தடத்துக்கு நகர்வதற்கு அதற்குமேல் பத்துப் பன்னிரண்டு மில்லிநொடி. கூட்டிப் பார்த்தால், சிதறிக் கிடக்கும் துணுக்குகளை நொடிக்கு அறுபது, எழுபதுக்குமேல் அதனால் எடுத்துத் தர முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு ஃபைல்களை ஒரே மூச்சில் கேட்கிறது. கூடவே ஆன்டிவைரஸ், அப்டேட், பிரின்டரோடு வந்த வேண்டாத நிரல், எதற்கு என்றே தெரியாமல் நிறுவிய இன்னும் நாலு நிரல், எல்லாம் க்யூவில் நிற்கின்றன. ப்ராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ராம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. எல்லோரும் அந்த ஒரே ஊசிக்காகக் காத்திருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் என்ற கட்டத்தில் 100% என்று நின்றுகொண்டிருக்க, சிபியு பத்தோ பதினைந்தோ காட்டினால், நோய் எங்கே என்று அந்தத் திரையே சொல்லிவிடுகிறது. கட்டுரையாளர் அந்த மூன்று பொத்தான்களைக்கூட அழுத்தவில்லை.

அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டால், சுற்றுகிற தட்டும் இல்லை, நகர்கிற ஊசியும் இல்லை. நொடிக்கு அறுபது துணுக்கு எடுத்த இடத்தில் பல்லாயிரம் எடுக்கும். லேப்டாப்பில் இருக்கிற இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க்கின் அதே அளவு, அதே சொருகு. பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே க்ளோன் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். மூன்று நாலு நிமிஷம் சுற்றிக்கொண்டிருந்த பெட்டி அரை நிமிஷத்தில் எழுந்து நிற்பதைப் பார்த்தவர்கள் யாரும் ஐந்து வருஷ ஆயுள் கதையை நம்ப மாட்டார்கள்.

அடுத்தது ராம். நாலு ஜிபி வைத்துக்கொண்டு பிரவுசரில் பத்து டேப் திறந்தால் ராம் நிரம்பிவிடும். மிச்சத்தை விண்டோஸ் எங்கே கொண்டு போய் வைக்கும்? அதே ஹார்ட் டிஸ்க்கில்தான். ஏற்கெனவே மூச்சுத் திணறுகிறவன் தலையில் இன்னொரு மூட்டை. எட்டு ஜிபி ஆக்கினால் இந்தப் போக்குவரத்தே பெருமளவு நின்றுவிடும். ராம் வாங்கப் போகிறவர்கள் கழற்றிய பழைய ராமைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறை மாறினால் சொருகே பொருந்தாது. டிடிஆர்3இலேயே 1.35 வோல்ட்டில் ஓடும் எல் வகை என்று ஒன்று தனியாக உண்டு. லேப்டாப்புகள் பல அதைத்தான் கேட்கும்.

ராம் விலை ஏறிவிட்டதே என்று அவர் ஒரு வரி எழுதியிருந்தார். கட்டுரையில் முழுக்க உண்மையான வரி அது ஒன்றுதான். செயற்கை நுண்ணறிவு சர்வர்கள் உலகத்து மெமரி சிப்புகளையெல்லாம் வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்தே ராமும் எஸ்எஸ்டியும் விலை ஏறின. வீட்டுக்காரர்களுக்கு ராம் விற்றுவந்த க்ரூஷியல் வணிகத்தையே மூடப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. எல்லாம் சரி. ஆனால் அவர் வாங்கச் சொல்கிற புது லேப்டாப்புக்குள் இருப்பது என்ன? அதே ராம், அதே எஸ்எஸ்டி. இரண்டு பொருளின் விலை ஏறியதற்காக, அந்த இரண்டும் அடங்கிய முழுப் பெட்டியை வாங்கு என்று சொல்வது எந்த ஊர்க் கணக்கு?

தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. நம் பக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் தூசி இல்லாமல் போனதுதான் ஆச்சரியம். மவுன்ட் - பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ வேலை நடந்த வருஷங்களில் ஜன்னல் கம்பியைத் துடைத்தவர்களுக்கு, அந்தத் தூசி கம்ப்யூட்டர் ஃபேனுக்குள்ளும் போயிருக்கும் என்று சொல்லித் தர வேண்டாம். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய தெருக்களிலும், சிடிஎச் ரோட்டு ஓர வீடுகளிலும் இதே கதை. ஃபேனும் அலுமினியத் தகடுகளும் அடைத்துக்கொண்டால் சூடு வெளியே போகாது. ப்ராசஸருக்கும் தகட்டுக்கும் நடுவில் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்டும் சில வருஷத்தில் காய்ந்து பொருக்காகிவிடும். சூடு நூறு டிகிரியை நெருங்கும்போது ப்ராசஸர் கருகாமல் தப்பிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு மெதுவாகி, ராத்திரி பத்து மணிக்குச் சுறுசுறுப்பாகிற சிஸ்டம் என்றால் வியாதி இதுதான். ப்ளோயர் வைத்து ஊதிச் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றுவதற்கு ஆகிற செலவு ஒரு குடும்பம் ஓட்டலில் டிபன் சாப்பிடுகிற செலவு.

இத்தனையையும் விட்டவர், புதிது வாங்க வசதி இல்லாதவர்களுக்கு என்று மனமிரங்கி ஒரு வைத்தியம் மட்டும் சொல்லியிருக்கிறார்: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ‘வேகமாக்கும்’ கிளீனர் மென்பொருள் ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று. இலவச மருந்து எப்படி வேலை செய்யும் என்பதற்கு நடந்ததையே சொல்கிறேன். இந்த வகையில் உலகப் புகழ் பெற்ற சிகிளீனரின் 5.33 பதிப்புக்குள் 2017இல் திருடர்கள் தீநிரலைச் செருகி, அதைத் தயாரித்த கம்பெனியின் சொந்த டவுன்லோடு வழியாகவே பரப்பினார்கள். அதைப் போட்டுக்கொண்டவர்கள் சுமார் 22.7 லட்சம் பேர். அது விதிவிலக்கு என்று வைத்துக்கொண்டாலும், விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியைப் பெருக்கித் துடைப்பதால் ஒரு 5,400 சுற்று டிஸ்க் 5,401 சுற்று சுற்றப் போவதில்லை. ஏற்கெனவே திணறுகிற பெட்டியில் பின்னணியில் ஓடுகிற நிரல் இன்னொன்று கூடும், அவ்வளவே. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்-அப் பக்கத்துக்குப் போய் வேண்டாததை நிறுத்துவது, இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுப்பது, சி டிரைவில் கொஞ்சம் இடம் விடுவது: இந்த மூன்றுக்கும் எந்த மென்பொருளும் வேண்டாம், காசும் வேண்டாம்.

பாதுகாப்பு வாதத்துக்கு மட்டும் நின்று பதில் சொல்ல வேண்டும், அதில் பாதி நியாயம் இருப்பதால். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பாதுகாப்பு அப்டேட் வராத விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பது அபாயம்தான். இதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர் இங்கிருந்து நேராக ‘ஆகவே இயந்திரம் செத்தது’ என்று தாவுகிறார். செத்தது மைக்ரோசாஃப்ட்டின் விருப்பம். இயந்திரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. 2025ஐ விண்டோஸ் 11 கம்ப்யூட்டருக்கு மாறும் ஆண்டு என்று அந்த வருஷ ஜனவரியிலேயே அறிவித்த கம்பெனி அது. விண்டோஸ் 11க்கு எந்த ப்ராசஸர் தகுதி என்று அவர்கள் போட்ட பட்டியலைப் பாருங்கள்: மலிவு லேப்டாப்பில் வரும் செலரான் என்4000 உள்ளே; அதைப் பல மடங்கு மிஞ்சுகிற கோர் ஐ7-7700கே வெளியே. வேகம்தான் அளவுகோல் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? இப்படித் தகுதியிழந்து குப்பைக்குப் போகக்கூடிய கம்ப்யூட்டர்கள் உலகம் முழுக்க 24 கோடி என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணக்குச் சொன்னது.

வழியும் இல்லாமல் இல்லை. வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டை நீட்டித் தரும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட்டே அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் நுழைந்து செட்டிங்ஸை சிங்க் செய்தால் அதற்குக் காசு இல்லை. அதற்குப் பிறகு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் இருக்கிறது. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ வடிவம் நாலு ஜிபி ராமில் நிம்மதியாக ஓடும், அப்டேட்டும் தவறாமல் வரும். பிரவுசர், யூட்யூப், லிப்ரே ஆபீஸ் இதற்குமேல் ஒரு சராசரி வீட்டில் என்ன ஓடுகிறது? டேலி வைத்துக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு விண்டோஸ் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் போடுகிற பிள்ளைக்கு வேண்டாம்.

பழைய கம்ப்யூட்டரில் வங்கித் தளமே திறப்பதில்லை, ‘இணைப்பு பாதுகாப்பானது இல்லை’ என்று வருகிறது என்றும் ஒரு சான்று காட்டியிருக்கிறார். ஐயா, அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்தீர்களா? மதர்போர்டில் சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை ப்ளக்கைப் பிடுங்கும்போதும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும். அந்தத் தேதியில் வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழே பிறந்திருக்காது, அதனால்தான் பிரவுசர் கதறுகிறது. மருந்தின் விலை நாற்பது ஐம்பது ரூபாய். இதற்கு அவர் எழுதிக் கொடுத்த சீட்டு நாற்பதாயிரம் ரூபாய்ப் புது லேப்டாப்.

மின்சாரக் கணக்கை அவர் போடவில்லை, அதனால் நான் போடுகிறேன். பழைய மேசைக் கம்ப்யூட்டர் 100 வாட், புது லேப்டாப் 30 வாட் என்று அவருக்குச் சாதகமாகவே வைத்துக்கொள்வோம். தினம் நாலு மணி நேரம் ஓடினால் மாசத்துக்கு மிச்சம் 8.4 யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் அறுபத்தேழு ரூபாய். வருஷத்துக்கு எண்ணூற்றுச் சொச்சம். நாற்பதாயிரம் ரூபாய் லேப்டாப் இந்த மிச்சத்தில் தன் விலையை ஈடுகட்ட ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆகும். கம்ப்யூட்டருக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள் என்று சொன்னவரும் இவரேதான்.

சுற்றுச்சூழல் பெயரைச் சொல்லியும் அவர் இதையே வலியுறுத்துவதால் இன்னொரு எண்ணும் வேண்டியிருக்கிறது. ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, 17 அங்குலத் திரையோடு ஒரு மேசைக் கம்ப்யூட்டரைச் செய்ய 240 கிலோ எரிபொருளும் 22 கிலோ ரசாயனங்களும் 1,500 கிலோ தண்ணீரும் செலவாகின. அது பழைய கனத்த திரைக் காலம். இன்றைய எண் வேறாக இருக்கும். ஆனாலும் லேப்டாப் ஒன்றின் வாழ்நாள் கார்பன் கணக்கில் பெரும்பங்கு அது கடைக்கு வருவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது என்பது இன்றும் மாறவில்லை. இருப்பதை இன்னும் நாலு வருஷம் ஓட்டுவதுதான் பசுமை.

அவருடைய கட்டுரையில் என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது, அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளைப் பற்றிய ஏளனம். ‘அம்மா லேப்டாப்’ என்று சொல்லி ஒரு சிரிப்பு வேறு. 2011 செப்டம்பர் 15 அன்று ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்த காக்களூர், ஆவடியில் திருவள்ளூர் ரயில் ஏறினால் போய்விடுகிற ஊர்தான். அதற்குப் பிந்தைய வருஷங்களில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டன. பட்டாபிராமிலும் திருநின்றவூரிலும் எத்தனையோ வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கம்ப்யூட்டர் அதுதான். அக்கா படித்து முடித்துத் தம்பிக்குக் கொடுத்தாள், தம்பி இப்போது அதைப் பரணில் வைத்திருக்கிறான். ஏன் வைத்தான் என்று யாராவது கேட்டார்களா?

முதல் வருஷத்து லேப்டாப்புகளில் இருந்தது 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இரண்டுமே இருந்தன. இந்த ஸ்டார்ட்டர் என்பது மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே கையைக் கட்டி விற்ற பதிப்பு. வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. 2 ஜிபிக்குமேல் ராம் போட்டாலும் அதைக் கண்டுகொள்ளாது. கைக்காசைப் போட்டு ராம் வாங்கிச் சொருகியவன், வேகம் கூடவில்லை என்றதும் லேப்டாப்பே குப்பை என்று முடிவு கட்டினான். குப்பையாக இருந்தது அந்த ஸ்டார்ட்டர். அதே லேப்டாப்பில் எஸ்எஸ்டி ஒன்று, இன்னொரு 2 ஜிபி ராம், 64-பிட் லினக்ஸ் போட்டால் பள்ளிக்கூடப் பிள்ளை டைப் அடிக்கவும் பாடம் பார்க்கவும் போதும். கேம் ஆட முடியாது. பெற்றோர்கள் அதைக் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

‘பழசுக்குப் புது உதிரிபாகம் போடுவது செத்த மாட்டுக்குப் புல்’ என்கிற வாதத்தை ஆவடிக்காரர்கள் நடுவில் வைத்துச் சொல்ல அவருக்கு எப்படி மனசு வந்ததோ. 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. அதில் வேலை பார்த்த அப்பாவோ மாமாவோ இல்லாத தெரு ஆவடியில் குறைவு. அங்கே தயாரான டி-72 டாங்கி 1970களின் சோவியத் வடிவம். 2025 மார்ச் 7 அன்று பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவின் ரோசோபோரன்எக்ஸ்போர்ட்டோடு 24.8 கோடி டாலருக்கு ஓர் ஒப்பந்தம் போட்டது. எதற்கு? அந்த டாங்கிகளில் இருக்கும் 780 குதிரைத்திறன் இன்ஜினுக்குப் பதிலாக 1,000 குதிரைத்திறன் இன்ஜின் பொருத்துவதற்கு. தொழில்நுட்பமும் ஆவடித் தொழிற்சாலைக்கே வருகிறது. எல்லையில் நிற்கிற டாங்கிக்கு இன்ஜின் மாற்றி ஓட்டலாம் என்று ராணுவம் நினைக்கிறது. காமராஜ் நகரில் ஒரு வீட்டுக் கூடத்தில் நிற்கிற கம்ப்யூட்டருக்கு டிஸ்க் மாற்றக் கூடாது என்று நம் கட்டுரையாளர் நினைக்கிறார்.

எல்லாப் பழசையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி ஒழுகியிருந்தால், 32-பிட் ப்ராசஸராக இருந்தால், லேப்டாப்பின் ஹிஞ்ச்சும் திரையும் சேர்ந்து போயிருந்தால், விட்டுவிட வேண்டியதுதான். ராமும் ஸ்டோரேஜும் போர்டோடு சால்டர் செய்யப்பட்ட, 32 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப் வைத்த மெல்லிய லேப்டாப்புகளையும் ஒன்றும் செய்ய முடியாது. கடைகளில் ‘மாணவர்களுக்கு ஏற்றது’ என்று சொல்லி விற்கிற மலிவு லேப்டாப்புகளில் பல இன்றும் இந்த ரகம்தான்: நாலு ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி, திறந்து மாற்ற வழியில்லை. குறைந்த பட்ஜெட்காரர்கள் வாங்கலாம் என்று அவர் பரிந்துரைத்த மூன்று வகையில் ஒன்று இப்படிப்பட்டது. எஸ்எஸ்டி போட்ட 2014ஆம் வருஷத்து கோர் ஐ5க்குப் பக்கத்தில் வைத்து அதை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.

கடைசியாக, தன் பழைய சிபியுவை அப்படியே காயலாங்கடைக்காரரிடம் எடைக்குப் போட்டதாகப் பெருமையோடு முடித்திருக்கிறார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினாரா? கட்டுரை முழுக்க அந்தச் சொல்லே இல்லாததால் எனக்குச் சந்தேகம். டெலிட் செய்தாலும், க்விக் ஃபார்மட் அடித்தாலும், டிஸ்க்கில் இருந்தது அங்கேயேதான் இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் ரெகவரி மென்பொருளில் திரும்ப எடுக்கலாம். அவருடைய ஆதார் ஸ்கேன், பான் கார்டு, வங்கி ஸ்டேட்மென்ட், பத்து வருஷக் குடும்ப போட்டோ எல்லாம் இப்போது ஏதோ ஒரு குடோனில் இருக்கின்றன. கடைக்காரர் நம்பர் இருந்தால் இன்றைக்கே போன் போட்டு, அந்த டிஸ்க்கை மட்டுமாவது திரும்ப வாங்கப் பார்க்கட்டும். கிடைத்தால் ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கி அதில் போட்டு, புது லேப்டாப்பின் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த வேலைக்கு 5,400 சுற்றே தாராளம்.